எவேலியோ கேட்ட எருது டோக்கன்

"நான் திருடியாம்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்த எர்மினியா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள என் எருதைக் குடுக்கலைன்னா எவேலியோ போலீசுக்குப் போவாராம். போகட்டும். ஜெயில்ல போட்டாலும் குடுக்க மாட்டேன் அக்கா."

சுலாய் துணி வடிகட்டியில் காபி இறக்கிக்கொண்டிருந்தாள். காபி விளையும் தர்ராசு மலையில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் எது காணாமல் போனாலும் அவளைத்தான் தேடி வருவார்கள். டாக்சி ஓட்டும் வில்பர் சவாரியை விட்டுவிட்டு, கதை கேட்க அங்கேயே குந்தியிருந்தான்.

எர்மினியா கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ஒரு பித்தளை டோக்கன். அந்தக் காலத்தில் ஒரு பெட்டி காபிப் பழம் பறித்தால் தோட்டத்தில் கூலியாகக் கொடுப்பது. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று ஒவ்வொரு தோட்டமும் ஒரு மிருகத்தைப் பொறித்திருந்தது. மான், குரங்கு, நரி என்று நாற்பது டோக்கன் அவள் சேர்த்திருந்தாலும், அவளுடைய அம்மா வைத்துவிட்டுப் போனது இந்த எருது ஒன்றைத்தான். அம்மா பழம் பறித்த, எவேலியோவின் தாத்தா தோட்டத்து எருது.

"அவர் என்ன சொல்றார்?"

"தாத்தா பலகையில ஆணியடிச்சு மாட்டி வச்சதாம், வீட்டை விட்டு வெளியவே போகாததாம். ஓட்டையே சாட்சியாம். டோக்கன் சேக்கிறவங்க சங்கத்துல எல்லாரும் தலையாட்டிட்டாங்க. நாளைக்கு நடக்கிற கண்காட்சியில என் மேசையையும் அவருக்கே குடுத்துட்டாங்க."

சுலாய் டோக்கனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எருதின் குளம்புகளுக்குக் கீழே ஓட்டை இருந்தது. அது வட்டமாக இல்லை, விளிம்புப் பக்கம் தேய்ந்து நீண்டிருந்தது.

"வா, நாளைக்கு அந்தப் பலகையைப் பாத்துடுவோம்," என்றாள்.

மறுநாள் காலை கண்காட்சி நடக்கும் நகராட்சி மண்டபத்தில் கூட்டம். எவேலியோவின் பலகையில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் டோக்கன்கள் இருபது தொங்கின. எல்லாம் துருப்பிடித்த ஆணிகள். நடுவில் ஒரு ஆணி காலியாக இருந்தது.

"அக்கா, அது மட்டும் பளபளன்னு இருக்கே," என்றான் வில்பர்.

"கண்ணை மட்டும் திறந்து வை, வாயை மூடு."

எவேலியோ வேட்டைக்காரர் மாதிரி சிரித்தார். "கொண்டு வந்தாச்சா?"

"வந்தாச்சு. நீங்களே மாட்டுங்க ஐயா. எல்லாரும் பாக்கட்டும்."

அவர் மாட்டினார். எருது நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தொங்கியது. பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

"உங்க தாத்தா செத்த மாட்டையா இத்தனை வருஷம் மாட்டி வச்சிருந்தார்?" என்றான் வில்பர். மண்டபமே சிரித்தது.

"அவசரத்துல துளை மாறியிருக்கும்," என்றார் எவேலியோ.

"மத்த இருபதுலயும் தலைக்கு மேலதானே துளை இருக்கு? இதுல மட்டும் என்ன அவசரம்?" சுலாய் டோக்கனைக் கழற்றி, ஒரு கயிற்றில் கோத்து எர்மினியாவின் இடுப்பில் கட்டினாள். "பழம் பறிக்கிறவங்க இடுப்புக் கூடைக் கயித்துல இப்படித்தான் கோத்துக்குவாங்க. எர்மினியா, டோக்கனோட கீழ் நுனியைத் தூக்கிப் பாரு. எருது எப்படி நிக்குது?"

"நேரா நிக்குது அக்கா."

"எதிர்ல நிக்கிறவனுக்குத் தலைகீழ், போட்டிருக்கிறவளுக்கு நேர். என் நர்ஸ் சட்டையில முப்பது வருஷம் கடிகாரம் இப்படித்தான் தலைகீழாத் தொங்கிச்சு. ஆணியில சும்மா கிடந்த டோக்கன்ல துளை இப்படி நீளாது ஐயா. இது கயிறு அறுத்தது. ஓட்டையைப் பாத்ததும் உங்களுக்கு ஆணிதான் ஞாபகம் வந்துது, ஏன்னா உங்க வீட்டுல யாரும் கூடை கட்டினதில்ல. அந்தப் புது ஆணியை எப்ப அடிச்சீங்க?"

எவேலியோவின் முகம் சிவந்தது. "போன வாரம்," என்றார் மெல்ல. "தாத்தா எங்க டோக்கன் எல்லாத்தையும் உருக்கிட்டார். எங்க தோட்டத்து எருதே எங்க பலகையில இல்லைன்னா ஊர் சிரிக்காதா?" பிறகு எர்மினியாவைப் பார்த்தார். "நடந்தது நடந்து போச்சு. அது இங்கயே இருக்கட்டும். கீழ உங்க அம்மா பேரை எழுதி வைக்கிறேன்."

எர்மினியா இடுப்பிலிருந்த டோக்கனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"உங்க பேருக்குக் கீழ எங்க அம்மா நின்னதெல்லாம் போதும்," என்றாள். "பலகையை எடுங்க. இது என் மேசை."