பசை காயாத சுவர்

முந்தின நாள் சாயங்காலம் கிழித்தெடுத்த காகிதம் காலையில் திரும்பவும் சுவரில் இருந்தது.

எல்லம்மாள் காபித் தம்ளரோடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே அவள் வெந்நீர் தெளித்து, தோசைத் திருப்பியால் சுரண்டி, கை காப்புக் காய்க்க இரண்டு மூன்று தாள் உரித்து வைத்திருந்த இடத்தில் அதே பழுப்பேறிய ரோஜாப்பூக்கள், அதே கொடி. கிழிசல் கூடத் தெரியவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று ஈரமாக இருந்தது. விரலை முகர்ந்தாள். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையின் வாடை. சினிமா நோட்டீசு ஒட்டுகிறவர்கள் தெருவில் போனால் வருமே, அந்த வாடை.

"நேத்து நான் கிழிச்சேனா இல்லியாங்க?" என்று கேட்டாள்.

அவள் புருஷன் ராமன் கட்டிலில் படுத்தபடியே அவளைப் பார்த்தான். "கிழிச்சே. நான் பாத்துக்கினுதானே இருந்தேன்" என்றான். அதற்கு மேல் பேச இருமல் விடவில்லை.

அந்த இருமலுக்காகத்தான் இவ்வளவும். ஊருக்குள் கரண்டுக் கம்பி இழுக்கும் வேலையில் இருந்த ராமன் போன சித்திரையில் கம்பத்திலிருந்து விழுந்தான். உயிர் மிஞ்சியது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிற எல்லம்மாளுக்கு, போகவர தோதாக இருக்கட்டும் என்று செங்கம் ரோட்டில் இந்த வீட்டைப் பிடித்தார்கள். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, சாரல் அடிக்கிற ஒரு நடை. மலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் கட்டிய வீடு. சுண்ணாம்பு அடிக்காமல் சுவர் முழுக்கப் பூப்போட்ட காகிதத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார் அவர். "சுவத்துக்குச் சேலை கட்டினாப்பல இருக்குதுக்கா" என்று பக்கத்து வீட்டுச் சரசு குடிவந்த அன்றைக்குப் பார்த்துச் சிரித்தாள். ஐப்பசி மழை பிடித்ததும் அந்தச் சேலை நனைந்து, உப்பி, ஓரங்களில் கறுப்புப் பூசணம் பூத்தது. ராமனுக்கு நெஞ்சில் கோழை கட்டியது. டாக்டர் வீட்டு நிலவரத்தைக் கேட்டுவிட்டு, "முதல்ல அந்தக் காகிதத்தை எடும்மா" என்றார்.

எடுப்பது லேசாக இல்லை. ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் நகக்கண் அளவுக்குத்தான் வரும். சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் துணியை முக்கி ஒற்றி, ஊற விட்டு, சுரண்ட வேண்டும். சுரண்டினால் அடியில் இன்னொரு காகிதம். அதிலும் அதே ரோஜா, அதே கொடி. அதையும் எடுத்தால் அடியில் மறுபடியும் அதுவே, கொஞ்சம் நிறம் ஜாஸ்தியாக. உள்ளே போகப் போகப் பூக்கள் சிவந்துகொண்டு வந்தன.

அன்றைக்குக் காலையில், சுவரைப் பார்த்த கையோடு, அவள் கொல்லைக்குப் போய்ப் பார்த்தாள். துவைகல்லின் பக்கத்தில் குவித்து வைத்திருந்த கிழிசல்கள் மழையில் நனைந்து கிடந்தன. குவியல் கம்மியாகியிருப்பது போல் இருந்தது. காற்றில் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் மறுபடி சுரண்டினாள். இந்த முறை கிழிசல்களை அப்படியே வாரி வெந்நீர் அடுப்பில் திணித்தாள். ஈரக் காகிதம் முதலில் புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. முடி கருகுகிற நாற்றம் வந்தது. அது சாம்பலாகும் வரை குத்துக்காலிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் சுவர் முழுசாக இருந்தது. பசை இன்னும் காயவில்லை.

ராமனுக்கு முகம் துடைத்துவிட்டாள். சட்டையை மாற்றினாள். கையைத் துடைக்கும்போதுதான் பார்த்தாள், அவன் நகக்கண்களில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. ஈரத்துணி பட்டதும் அது கொழகொழத்தது. அந்த வாடை.

"இன்னாங்க இது?"

அவன் கையை இழுத்துக்கொண்டான். வெளியே கார்த்திகை தீபத்து மாட்டுச் சந்தைக்குப் போகும் காளைகளின் கழுத்து மணிச் சத்தம் ரோட்டோடு நகர்ந்து போனது. அது ஓய்ந்த பிறகு சொன்னான். "நான் எப்பிடி எழுந்திருப்பேன் எல்லம்மா? ஒட்டுறது நான் இல்ல."

"பின்ன யாரு?"

"தெரியல. கண்ணு முழிச்சா சுவத்தைப் பாத்துக்கினு நிக்குது. உள்ளங்கையால தடவித் தடவி ஒட்டுது. மொகத்தைக் காட்டல. முதுகுதான் தெரியுது." விரல்களைப் போர்வையில் துடைத்தான். "முதுகு என் முதுகாட்டம் இருக்குது. விழறதுக்கு முன்னாடி இருந்துச்சே, அப்பிடி. நேரா நிக்குது. அது தடவறப்ப என் கைல பிசுபிசுன்னு ஒட்டுது."

எல்லம்மாள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் பிதற்றுவதைக் கேட்டவள் அவள். இது பிதற்றுகிறவன் முகம் இல்லை. வெட்கப்படுகிறவன் முகம்.

வேலைக்குப் போகிற வழியில் வீட்டுக்காரரைப் பார்த்தாள். கோயிலில் பூசை செய்கிற தியாகேச குருக்கள். ஈர வேட்டியோடு மடைப்பள்ளிப் பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தவர், அவள் விஷயத்தைத் தொடங்கியதுமே நின்றார்.

"கிழிச்சியா? எவ்வளவு தூரம் கிழிச்சே?"

"பாதிச் சுவரு இருக்கும் சாமி. அடியில அடியில வந்துக்கினே இருக்குது."

அவர் அவளைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார். மேகம் இறங்கி மலை பாதிதான் தெரிந்தது. "முன்னாடி இருந்தவரும் கிழிக்கப் பார்த்தார். நான் வேண்டாம்னேன். அப்படியே விட்டுடும்மா. அது மேலேயே ரெண்டு பூச்சு சுண்ணாம்பு அடிச்சுக்கோ."

"அவரு இன்னா ஆனாரு சாமி?"

"காலி பண்ணிண்டு போயிட்டார்" என்றார். பிறகு, தானே கேட்டுக்கொள்வது போலச் சொன்னார்: "அவர் சம்சாரம் மட்டும் போகமாட்டேன்னா. இன்னும் அவர் உள்ளேதான் இருக்கார்னு அழுதா. அவர் என்னடான்னா பெட்டியைத் தூக்கிண்டு வாசல்ல நிக்கறார்."

அவளுக்கு அது புரியவில்லை. புரியாததே பயமாக இருந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். இன்றைக்கே சுவர் வரைக்கும் போய்விட வேண்டும். அடி வரைக்கும் பார்த்துவிட்டால் இதற்கு ஒரு முடிவு தெரியும் என்று நினைத்தாள்.

மத்தியானம் முழுக்கச் சுரண்டினாள். வியர்வையும் சோடாத் தண்ணீரும் முழங்கை வழியாக வழிந்து ரவிக்கையை நனைத்தன. தோசைத் திருப்பி கரகரவென்று சுவரை உராயும் சத்தத்தில் மழைச் சத்தம் கூடக் காதில் விழவில்லை. பூக்கள் பழுப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கும், செங்கல்லிலிருந்து இரத்தச் சிவப்புக்கும் வந்தன. கடைசித் தாள் வித்தியாசமாக வந்தது. சுரண்டவே வேண்டியிருக்கவில்லை. மூலையைத் தொட்டதும் தானாகவே தளர்ந்து, மேலிருந்து கீழ்வரை ஒரே வீச்சில் அவள் மேல் சரிந்தது. உதறித் தள்ளினாள். உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது.

சுவர் தெரிந்தது.

சுண்ணாம்புப் பூச்சில் ஒரு குழிவு. பூச்சு ஈரமாக இருந்தபோது யாரோ முதுகைச் சாய்த்து நின்ற மாதிரி. பின்மண்டை பதிந்த இடம். தோள்கள். இடுப்பு. கீழே தரையை ஒட்டி இரண்டு குதிகால். உளியால் செதுக்கினது போல இல்லை. ஆள் இப்போதுதான் விலகிப் போனது போல் இருந்தது.

ராமன் கட்டிலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இருமவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்தே இருமவில்லை.

"என் அளவு" என்றான்.

"பேசாம இருங்க."

"நெஜமா எல்லம்மா. இடது தோள் கொஞ்சம் இறக்கமா இருக்குது பாரு. எனக்கும் அப்பிடித்தானே."

அவள் தோசைத் திருப்பியைக் கீழே போட்டாள். இனி இந்த அறையில் ஒரு பொழுதும் கூடாது. சரசுவின் புருஷன் பலராமனைக் கூட்டி வந்து, கட்டிலோடு தூக்கி அவர்கள் வீட்டு நடையில் போட்டுவிட்டால் போதும். மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். "இதோ வந்துட்டேன். பக்கத்து வீடுதான். கூப்பிட்டா கேக்கும்" என்றாள்.

அவன் அவள் முந்தானையைப் பிடித்தான். பிறகு என்ன நினைத்தானோ, விட்டுவிட்டான்.

பலராமன் சந்தையிலிருந்து இன்னும் வரவில்லை. "இதோ வந்துடுவாருக்கா, உக்காருங்க" என்றாள் சரசு. எல்லம்மாள் உட்காரவில்லை. மழை வலுத்தது. ரோட்டில் ஆட்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். சரசு விளக்கேற்றினாள். அதற்கு மேல் பொறுக்க முடியாமல், "அவரு வந்ததும் அனுப்பு" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே ஓடிவந்தாள்.

வாசல் கதவு அவள் சாத்திவிட்டுப் போனபடியே இருந்தது. திறந்ததும் வாடை மூக்கில் அடித்தது. சூடான பசை. அடுப்பில் இப்போதுதான் கொதித்து இறங்கியது.

"என்னங்க?"

நடையில் மாட்டியிருந்த அரிக்கேன் விளக்கைத் தடவி எடுத்து ஏற்றினாள். தீக்குச்சி இரண்டு அணைந்து, மூன்றாவதுதான் பிடித்தது.

கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது.

சுவர் முழுக்கக் காகிதம். கூரையிலிருந்து தரை வரை. ஒரு சுருக்கம் இல்லை. ரோஜாக்கள் எல்லாம் இன்றைக்குப் பூத்தவை போல் இளஞ்சிவப்பாக இருந்தன. குழிவு இருந்த இடத்தில் குழிவு இல்லை.

மேடு இருந்தது.

விளக்கைத் தூக்கினாள். காகிதத்துக்கு அடியில் ஒரு ஆள் உயரம். நெற்றி. மூக்கு. ஒரு தோள் கொஞ்சம் இறக்கம். மூக்குக்குக் கீழே காகிதம் உள்ளே இழுத்தது. வெளியே உப்பியது. மறுபடி உள்ளே இழுத்தது.

விளக்கைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். அணையாமல் அது தரையில் உருண்டது. நகத்தால் பிராண்டினாள். கிழியவில்லை. ஈரம். வழுக்கல். மாட்டுத்தோல் போல் கெட்டி. பல்லால் கவ்வினாள். வாயெல்லாம் துத்தக் கசப்பு. உள்ளே மூச்சு வேகமாகியது.

சமையல்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது.

நிதானமான காலடி. வலது கால், இடது கால். அதை அவள் சித்திரைக்கு முன்னால் தினமும் கேட்டிருக்கிறாள்.

"வந்துட்டியா எல்லம்மா" என்றது ராமனின் குரல். "கால் சரியாப் போச்சு பாரு."

ராமன்தான். நிமிர்ந்து நின்றான். கையில் கஞ்சிப் பானை, முழங்கை வரை பசை. முகத்தில் அதே சிரிப்பு, அதே பல் இடுக்கு. கண்கள் மட்டும் எதையும் பார்க்கவில்லை. பானையை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தான். உடம்பிலிருந்து சுண்ணாம்பின் குளிர்ச்சி அடித்தது.

பின்னுக்கு நகர்ந்தாள்; முதுகில் ஈரக் காகிதம் பட்டது.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். முரட்டுத்தனம் இல்லை. கல்யாணத்தன்று பிடித்தது போல. இழுத்தாள், முடியவில்லை. அவள் கையைக் கொண்டுபோய்ச் சுவரில், அந்த மூக்குக்குக் கீழே, காகிதம் துடித்துக்கொண்டிருந்த இடத்தில் வைத்தான். அதன் மேல் தன் கையை வைத்தான்.

"இந்த எடந்தான் ஒட்டவே மாட்டேங்குது" என்றான் அன்பாக. "கொஞ்சம் அழுத்திப் புடி."

அவன் அழுத்தினான். அவள் உள்ளங்கைக்கு அடியில், சூடாக, இரண்டு உதடுகள் சேர்ந்து, பிரிந்து, அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன.