இரண்டு ஏஸ்களைக் கவிழ்த்தவள்

தெக்ளா தனக்கு வந்த இரண்டு சீட்டுகளின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள். ஒன்று ஸ்பேடு ஏஸ். இன்னொன்று ஹார்ட் ஏஸ். போக்கரில் இதைவிடப் பெரிய தொடக்கம் கிடையாது.

"கவிழ்த்துவிட்டு விலகிவிடு" என்றது காதுக்குள் இருந்த ஊகி.

ஊகிக்குக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஊகிக்குக் கோளாறு வந்ததாக இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. துவரம்பருப்பு அளவுள்ள அந்தக் கருவி எந்தக் காரியமும் நடக்க வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்லிவிடும். அது வந்தபிறகு உலகத்தில் சத்தமே குறைந்துபோனது. மீன் ஏலத்தில் எல்லார் காதிலும் ஒரே விலை விழுவதால் யாரும் கூவுவதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "நாற்பத்தொன்று" என்று கேட்டுவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பஜ்ஜியும் சொஜ்ஜியும் மிச்சம்.

அப்படிப்பட்ட காலத்தில் செவ்வாய்க் கப்பலுக்கு ஆள் எடுப்பது லேசான வேலையா? தேர்வு வைத்தால் விடையை ஊகி சொல்லிவிடுகிறது. குலுக்கல் போட்டால் வழக்குப் போடுகிறார்கள். கடைசியில் பயணக் கழகத்தின் மனநல நிபுணர்கள் போக்கரைப் பிடித்தார்கள். பலமான சீட்டுகள் கையில் வந்தபோதும் விலகத் தெரிந்தவர்தான் விண்வெளிக்கு ஏற்றவர், அவசரக்குடுக்கைகள் கப்பலையே உடைத்துவிடுவார்கள் என்பது அவர்கள் கட்சி. ஒரு மேசையில் மூன்று பேர் மிஞ்சும்வரை ஆட்டம். மிஞ்சிய மூவருக்கும் கப்பலில் ஆளுக்கோர் இடம். பந்தய வில்லைகளை மலையாகக் குவித்தவருக்கும் அதே இடம்தான், ஒரே ஒரு வில்லை வைத்திருப்பவருக்கும் அதே இடம்தான்.

இப்போது இந்த மேசையில் நான்கு பேர் இருந்தார்கள்.

எதிரே இருந்த கிருபாகரன் தன் வில்லைகள் அத்தனையையும் நடுவே தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான். அவனிடம்தான் குவியல் பெரிது. அவனோடு மோதித் தோற்றால் தெக்ளா வெளியே. ஜெயித்தால் வில்லை பெருகும், அவ்வளவுதான். அவளுக்கு இடதுபுறம் தர்மக்கண் என்ற லாரி ஓட்டுநர். நல்ல கை வந்தால் விட மனசு வராத மனுஷர். வந்த ஒவ்வொரு நல்ல கைக்கும் கடைசிவரை போய்ப் போய், அவரிடம் இரண்டே வில்லைகள் மிஞ்சியிருந்தன. அடுத்த ஆட்டத்தில் கட்டாயப் பந்தயமாக அந்த இரண்டும் போயாக வேண்டும். நான்காவது ஆள் சுலைஹா டீச்சர். வெகுநேரமாகவே எல்லாக் கையையும் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"மோதினால் உனக்கு இடம் கிடைக்க எண்பத்திரண்டு. கவிழ்த்தால் தொண்ணூற்றாறு" என்றது ஊகி.

செவ்வாயில் இருக்கும் மகள் கிறிஸ்டில்லா இனித் திரும்ப முடியாது. அங்கேயே இருந்து எலும்பு இளகிப்போனவர்கள் பூமியின் ஈர்ப்பைத் தாங்க மாட்டார்கள். பார்க்க வேண்டுமானால் தாய்தான் போக வேண்டும். இந்த இரண்டு ஏஸ்களை நம்பிப் போகலாமா? ஐந்தில் ஒரு தடவை தோற்றுவிடலாம். அந்த ஒரு தடவை இன்றைக்கு வந்தால்?

"என்னம்மா, சீட்டு கையில ஒட்டிக்கிச்சா?" என்றான் கிருபாகரன்.

"பொறுங்க தம்பி. ஓடியா போயிரும்?"

"யம்மா, நல்ல கைன்னா விட்டுறாதீங்க" என்றார் தர்மக்கண் தணிந்த குரலில். அவள் மோதித் தோற்றால்தான் அவர் பிழைப்பார். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

தெக்ளா சீட்டுகளைக் கவிழ்த்து முன்னால் தள்ளினாள். மற்ற இருவரும் விலகினார்கள்.

கிருபாகரன் தன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினான். ஒரு ஏழு, ஒரு இரண்டு. வெறும் குப்பை.

"நீங்க யாரும் வர மாட்டீங்கன்னு என் ஊகி சொல்லிச்சு" என்று சிரித்தான். அவனுக்கு ஓர் அறை விடலாம்போல இருந்தது அவளுக்கு.

அடுத்த ஆட்டத்தில் தர்மக்கண்ணின் இரண்டு வில்லைகளும் போயின. அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மக கிட்டப் போகணும்னு சொன்னீங்கல்ல? நல்லபடியாப் போய்ச் சேருங்கம்மா" என்றார்.

ஏவுநாள் காலையில் ஏவுதளத்துக் காற்றில் உப்பு வாடையும் எரிபொருள் வாடையும் கலந்து வீசின. கழகத்தின் சட்டப்படி, ஏறும் முன் ஒவ்வொருவரும் தனியறையில் அதிகாரி முன் நின்று, தன் ஊகியிடம் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு, சம்மதமா இல்லையா என்று சொல்ல வேண்டும். தெக்ளாவின் முறை வந்தது.

"பத்திரமாகப் போய்ச்சேர தொண்ணூற்றிரண்டு. வீட்டில் இருந்தால் பிழைத்திருக்க தொண்ணூற்றொன்பது. விலகிவிடு."

"என் மகளைப் பாக்கணும்னா?"

"அந்தக் கேள்வி கணக்கில் இல்லை."

"அப்ப நீ சும்மா கெட" என்றாள் தெக்ளா. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி குணசீலியிடம் திரும்பி, "நான் போறேன்" என்றாள்.

குணசீலி கையில் இருந்த பதிவுப் பலகையைப் பார்த்தாள். பிறகு தெக்ளாவைப் பார்த்தாள்.

"உக்காருங்கம்மா. கப்பல் இன்னிக்குப் போகாது."

"ஏன், எதுவும் ரிப்பேரா?"

"கப்பல் நல்லாத்தான் இருக்கு. ஏற ஆளில்ல. எல்லாரும் விலகிட்டாங்க."

"எல்லாருமா? அந்தக் கிருபாகரன்? சுலைஹா டீச்சர்?"

"அவங்கெல்லாம் வீட்டுக்குப் போயாச்சு. கேப்டனும் இதே போட்டியில ஜெயிச்சு வந்தவருதான். அவரு விடியும்போதே விலகிட்டாரு."

தெக்ளாவுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அத்தனை மேசைகளிலும் பொறுக்கியெடுத்த ஆட்கள். விலகத் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். அவர்களும் கற்ற வித்தையைக் காட்டிவிட்டார்கள்.

"சரி, அடுத்த கப்பலுக்கு நான் காத்திருக்கேன். என் பேரைப் போட்டுக்கிடுங்க."

குணசீலி தலை நிமிரவில்லை.

"விலகினவங்களுக்கு அதுல இடம் உறுதிம்மா. நிதானமானவங்கன்னு கழகம் எடுத்துக்கும்." பலகையைத் தெக்ளா பக்கம் திருப்பினாள். "நீங்க ஊகி விலகச் சொன்ன பிறகும் போறேன்னு சொல்லிட்டீங்க. அவசரப்படுற ஆளுன்னு பதிவாயிருச்சு. இனிமே உங்களைச் சீட்டு மேசையில உக்கார விட மாட்டாங்க."

தெக்ளா நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அப்ப அடுத்த கப்பல்ல யாரு போவா?"

குணசீலி பழக்கதோஷத்தில் காதைத் தொட்டுத் தன் ஊகியிடம் கேட்டாள். கேட்டதும் அவள் முகம் மாறியது.

"யாரும் போக மாட்டாங்கன்னு சொல்லுதும்மா" என்றாள்.