வெறும் தண்ணீரின் ஆறு வினாடிகள்

"என் வீட்டுக்காரர் போய் முப்பத்தஞ்சு நாள் ஆச்சு. வர்ற சனிக்கிழமை நாற்பதாம் நாள். எங்க ஊர் பாதிரியார் ஜெபம் சொல்ல மாட்டேங்குறார்."

நாற்காலியில் உட்காரும் முன்பே டோஸ்தானா இதைச் சொல்லிவிட்டாள். வேறொருத்தியின் சேதியைக் கொண்டுவந்து ஒப்படைப்பவள் போல இருந்தது குரல். மெத்தோதி தலையாட்டிவிட்டு அவள் முன்னால் காபியை வைத்தார். அது ஆறும்வரை அவள் அதைப் பார்க்கவில்லை.

மெத்தோதி இருபத்திரண்டு வருடம் தொலைக்காட்சியில் படத்தொகுப்பாளராக இருந்தவர். இப்போது பித்தோலா நகரத்தில் இரண்டாம் மாடியில் ஓர் அறை. கேமரா பார்த்ததை மனிதர்கள் வேறுவிதமாகச் சொல்லும்போது வக்கீல்கள் அவரிடம் வருவார்கள். கீழ்த்தளத்தில் பல் மருத்துவர் பிளாகாவின் கிளினிக். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே பத்து நிமிடம் கிடைத்தாலும் வெள்ளைக் கோட்டோடு மேலே ஏறி வந்துவிடுவாள். அன்றும் வந்திருந்தாள்.

"ஏன் மாட்டேங்குறாராம்?" என்றாள் பிளாகா.

"தற்கொலைன்னு போலீஸ் எழுதிட்டாங்க. அடக்கத்தன்னிக்கே மணி அடிக்கல. தற்கொலைன்னு எழுதறதுக்குச் சாட்சி சொன்னதே நான்தான்."

டோஸ்தானாவின் கணவன் க்ளிமே பிரெஸ்பா ஏரிக்கரையில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்தான், பாடகனும் கூட. சாவதற்கு முந்தைய இரண்டு வாரம், குளியலறையிலும் தோட்டத்து ஏணியிலும் யாருக்கும் புரியாத எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தானாம்.

"எந்த பாஷையும் இல்ல சார். பேய் பிடிச்ச மாதிரி இருக்கும். என்னன்னு கேட்டா சிரிப்பார். போலீஸ் கேட்டப்போ அதை அப்படியே சொன்னேன். புத்தி பிசகிடுச்சுன்னு எழுதிக்கிட்டாங்க. அப்புறம் அவர் கடைசியா பாடி நடிச்ச பாட்டு வீடியோ வெளியாச்சு. உலகமே பார்த்து முடிவு பண்ணிடுச்சு."

"யார் வெளியிட்டது?"

"ட்ராயன். அவரோட சிநேகிதர். எங்க வீட்டுக்குள்ள எடுத்த காட்சியெல்லாம் ட்ராயன்தான் எடுத்தார். கடைசிக் காட்சியை இவரே கேமராவைக் கடன் வாங்கிட்டுப் போய், ஸ்டாண்டுல நிறுத்தி எடுத்துக்கிட்டாராம். அன்னிக்கு ட்ராயன் ஊர்லயே இல்ல, ஸ்கோப்யேவுல இருந்தாராம்."

மெத்தோதி எதையும் முதல் தடவை ஒலியில்லாமல்தான் பார்ப்பார். மூவரும் அந்த வீடியோவைப் பார்த்தார்கள்.

முதல் இரண்டு சரணங்களும் வீட்டுக்குள். இரண்டு தட்டு வைத்த மேஜை, அதன் முன்னால் டோஸ்தானாவே உட்கார்ந்திருக்கிறாள். கேமரா அவளுக்குப் பின்னால், தாழ்வாக, மூடிய கதவைப் பார்த்தபடி நகராமல் இருக்கிறது. நடுநடுவே அடுப்பு, ஆவி, மறுபடியும் கதவு. பிறகு ஏரி, விடியற்காலை. கனமான கம்பளிக் கோட்டில் க்ளிமே கரையில் நிற்கிறான். காலில் வீட்டுச் செருப்பு. நம்மைப் பார்த்தபடியே செருப்பிலிருந்து கால்களை உருவிக்கொண்டு, பின்னோக்கி அடி வைத்துத் தண்ணீருக்குள் இறங்குகிறான். உதடுகள் அசைகின்றன. எவ்வளவு தூரம் உள்ளே போனாலும் முகம் திரையில் அதே அளவில்தான் இருக்கிறது. ஓரிடத்தில் கீழ்மூலையிலிருந்து மெல்லிய வெண்புகை எழுந்து கலைகிறது. இடுப்பு, மார்பு, கழுத்து, தலை. பிறகு ஆறு வினாடி வெறும் தண்ணீர். முடிந்தது.

"அந்த ஆறு வினாடியைத்தான் எல்லாரும் புகழ்ந்தாங்க. பத்திரிகையில கூட எழுதினாங்க," என்றாள் டோஸ்தானா.

ஒலியோடு இன்னொரு முறை ஓடவிட்டார். ஏரிக் காட்சியில் குரலே இல்லை, வயலின் மட்டும். மூன்றாவது சரணத்தை நீளம் கருதி வெட்டிவிட்டதாக ட்ராயன் சொன்னாராம்.

"அண்ணே, செருப்பைக் கழட்டி வெச்சிட்டு இறங்குறார். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள் பிளாகா. சொன்ன சூட்டோடு கட்சி மாறினாள். "இல்ல, யாரோ துப்பாக்கியைக் காட்டி மிரட்டியிருக்கலாம். அதான் திரும்பாம போறார்!"

"டாக்டரம்மா, எக்ஸ்ரே எடுக்காமலே பல்லைப் பிடுங்குவீங்களா?"

"அவசரம்னா பிடுங்குவேன்."

"அப்போ எனக்குப் பல் வலி வந்தா வேற எங்கயாவது போயிடறேன். அதிருக்கட்டும், அந்த வாயைப் பார்த்து சொல்லுங்க."

பிளாகா திரையில் முகம் ஒட்டுமளவுக்குக் குனிந்தாள். "இது பேசுற வாய் இல்லண்ணே. விழுங்குற வாய். சத்தத்தை வெளிய விடாம உள்ள இழுத்துக்குற மாதிரி இருக்கு."

மெத்தோதி அதைக் குறித்துக்கொண்டு டோஸ்தானாவிடம் திரும்பினார். "அந்தச் செருப்பு யாரோடதும்மா?"

"எங்க வீட்டோடது. வாசல்ல கிடக்கும். போலீஸ் போட்டோவுல ஏரிக்கரையில ஊரைப் பார்த்து ஜோடியா இருந்துச்சு."

"படத்தோட முடிவு என்னன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"திரையிலதான் பார்க்கணும்னுட்டார். நீ சும்மா கதவைப் பார்த்துக்கிட்டு உட்காரு, அது போதும்னார். உட்கார்ந்தேன்."

"மூணாவது சரணம் எங்கயாவது இருக்கா?"

அவள் கைபேசியை எடுத்து மேஜைமேல் தள்ளினாள். "தோட்டத்துல ஒரு நாள் பாடிப் பார்த்துட்டு இருந்தார். அவருக்குத் தெரியாம பதிவு பண்ணினேன். இன்னும் கேட்கல. கேட்டா ஏதாவது தோணணும் இல்ல? தோணாதோன்னு பயமா இருக்கு."

அவள் படியிறங்கிப் போன பிறகு பிளாகா சொன்னாள், "மரத்துப்போற ஊசி போட்ட வாய் மாதிரி பேசுறா. நாக்கைக் கடிச்சுக்கிட்டாலும் தெரியாது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெத்தோதியின் முன்னால் நான்கு பேர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள். டோஸ்தானா ஜன்னலோரம். பாதிரியார் அர்செனி கறுப்பு அங்கியை மடக்கிக்கொண்டு சோபாவின் நுனியில். பிளாகா கீழே கதவில் 'மூன்று மணிக்கு வரவும்' என்று மாட்டிவிட்டு வந்திருந்தாள். ட்ராயன் கதவுக்குப் பக்கத்தில் இருந்தான். முப்பத்தைந்து வயது, நல்ல சட்டை, சவரம் செய்யாத முகம்.

"சீக்கிரம் முடிச்சிடுங்க சார். எனக்கு வேலை இருக்கு," என்றான்.

"சீக்கிரம் முடிஞ்சிடும்," என்று மெத்தோதி திரையைப் பக்கவாட்டில் திருப்பினார். "முதல்ல வீட்டுக் காட்சி. ஒருத்தர் வீட்டைவிட்டுப் போற கதைன்னா கேமரா அவர் பின்னாடி போகும், இல்ல வெளிய நின்னு பார்க்கும். இங்க இரண்டு சரணமும் கேமரா வீட்டுக்குள்ளயே உட்கார்ந்து கதவைப் பார்க்குது. கேமரா காத்திருக்குன்னா, கதையில யாரோ வரணும். இதுல யாரும் வரல. அப்போ ஒண்ணு, கதை சொன்னவருக்குச் சொல்லத் தெரியல. இல்லன்னா வேற யாரோ கதையை மாத்தியிருக்காங்க."

"அது என் பாணி," என்றான் ட்ராயன்.

"சரி. அடுத்தது செருப்பு. சாகப் போறவர் வீட்டுச் செருப்பை வண்டியில எடுத்து வெச்சு ஏரிக்குக் கொண்டுபோவாரா? சாமி, உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா செருப்பை எந்தப் பக்கம் திருப்பி வைப்பீங்க?"

பாதிரியார் யோசிக்காமலே சொன்னார். "உள்பக்கம் பார்த்து. வர்றவங்க அப்படியே கால் நுழைக்கணும் இல்ல?"

"ஏரிக்கரையிலயும் அப்படித்தான் இருந்துச்சு. தண்ணிப் பக்கத்துலேர்ந்து வர்றவருக்காக."

"தண்ணியிலேர்ந்து யார் வருவாங்க?" என்று கேட்ட பிளாகா, பதிலைத் தானே கண்டுபிடித்தவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்க, விழுங்குற வாய்னு. தண்ணியிலேர்ந்து ஒரு ஆள் ஈரமே படாம எழுந்து வரணும், கோட்டு காய்ஞ்சிருக்கணும், தலைமுடி காய்ஞ்சிருக்கணும். அதைப் படமெடுக்க ஒரு சுலபமான வழி இருக்கு. காய்ஞ்ச ஆளைப் பின்னோக்கி நடந்து தண்ணிக்குள்ள இறங்கச் சொல்லி எடுக்கணும். அப்புறம் படத்தைக் கடைசியிலேர்ந்து பின்னோக்கி ஓட்டணும். ஆனா அவர் பாடிக்கிட்டே வரணும்னா, பாட்டையும் எழுத்தெழுத்தா கடைசியிலேர்ந்து முதல் வரைக்கும் திருப்பிப் பாடப் பழகிக்கணும். இரண்டு வாரம் ஆகும். கேட்கிறவங்களுக்குப் பேய் பிடிச்ச மாதிரி இருக்கும்."

டோஸ்தானாவின் கைகள் மடியில் அப்படியே இருந்தன.

மெத்தோதி பொத்தானை அழுத்தினார்.

வெறும் தண்ணீர். ஆறு வினாடி. பிறகு அதிலிருந்து உலர்ந்த தலை ஒன்று எழுந்தது. கழுத்து, மார்பு, ஈரமில்லாத கோட்டு. க்ளிமே ஏரியிலிருந்து நம்மை நோக்கி நடந்து வந்தான். கைபேசிப் பதிவிலிருந்து அவன் குரல் வந்தது. உதடுகள் ஒவ்வொரு சொல்லிலும் அதோடு பொருந்தின. விளக்கை அணைத்துவிடாதே, ஏரி என்னை வைத்துக்கொள்ளவில்லை, அந்த இரண்டாவது தட்டு எனக்குத்தானே. கரையேறி, ஊரைப் பார்த்திருந்த செருப்பில் கால்களை நுழைத்தான். சிரித்தான். அங்கே படம் நின்றது.

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்து முடியாமல் திட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் தாடியைப் பிடித்தபடி இருந்தார்.

"அப்போ அது விபத்து," என்றாள் பிளாகா மெதுவாக. "பின்னாடி பார்க்காம நடந்தார். பள்ளம் இருந்திருக்கு. அந்தக் கோட்டு தண்ணி குடிச்சா இரும்பு மாதிரி கனக்கும்."

"ஆமா. ஆனா அவர் தனியா இல்ல," என்றார் மெத்தோதி. "அவர் பின்னாடி போகப் போக முகம் அதே அளவுல இருக்கு. கேமரா அவரோட நடந்து வருது. ஸ்டாண்டு நடக்காது. கீழ்மூலையில ஒரு வெண்புகை, பார்த்தீங்களா? குளிர்ல விட்ட மூச்சு. ஸ்டாண்டு மூச்சு விடாது. ட்ராயன் தம்பி, அந்த ஆறு வினாடியைக் கலைன்னு எழுதினாங்க. நீங்க அவர் எழுந்து வருவார்னு காத்துக்கிட்டிருந்த நேரம் அது."

ட்ராயன், இத்தனை நாள் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தவன் போல நாற்காலியில் தளர்ந்தான்.

"ஆறுன்னுதான் பேசி வெச்சிருந்தோம்," என்றான். "தலை மறைஞ்சு ஆறு எண்ணினதும் எழுந்துடறேன்னார். ஆறு எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். எனக்கு நீச்சல் தெரியாது அண்ணி."

"கூப்பிட்டியா?" என்றாள் டோஸ்தானா.

"கூப்பிட்டேன்."

"என்னன்னு?"

"கட்னு. கட், கட்னு கத்தினேன். வேற வார்த்தையே வாயில வரல. அப்புறம் கேமராவை ஸ்டாண்டுல மாட்டிக் கரையிலயே வெச்சுட்டு ஓடிட்டேன். தானே போயிட்டார்னு எல்லாரும் நம்பிட்டா, அங்க யார் இருந்தாங்கன்னு கேட்க மாட்டாங்கன்னு நினைச்சேன். அதான் போலீஸ் கேமராவைத் திருப்பிக் கொடுத்ததும், படத்தைத் திருப்பாம அப்படியே போட்டேன். பாட்டையும் எடுத்துட்டேன்."

"ஓடின நீ ஊருக்குள்ள ஓடியிருந்தா நாலு பேர் படகோட வந்திருப்பாங்களேப்பா," என்றார் பாதிரியார்.

"தெரியும் சாமி."

பிளாகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மெத்தோதி அவளைப் பார்த்ததும் காபிக் கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"வீடியோவை எடுத்துடறேன் அண்ணி. இன்னிக்கே எடுத்துடறேன்."

"எடுக்காத," என்றாள் டோஸ்தானா. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "திருப்பிப் போடு. அவர் பாட்டோட போடு. அப்புறம் சாரோட போலீஸுக்குப் போய், இப்போ சொன்னதை அங்கயும் சொல்லு. அப்புறம் எங்க வீட்டுப் பக்கம் வராத."

ட்ராயன் தலையை ஆட்டினான். மெத்தோதி அவனுக்காகக் கதவைத் திறந்து வைத்தார். இருவரும் இறங்கும் சத்தம் படிகளில் கேட்டது.

பாதிரியார் எழுந்து டோஸ்தானாவுக்கு எதிரே வந்து நின்றார்.

"நாளைக்குக் காலையில பத்து மணி. அடக்க ஜெபத்தையும் சேர்த்தே சொல்லிடறேன். மணி அடிக்கச் சொல்றேன்."

"பேரைச் சொல்லித்தானே ஜெபிப்பீங்க?"

"பேரைச் சொல்லித்தான்மா. க்ளிமேன்னு."

"இல்ல சாமி. அது நாங்க கூப்பிடுற பேரு. ஞானஸ்நானத்துல வெச்சது க்ளிமெந்த்."

பாதிரியார் அங்கிக்குள்ளிருந்து இறந்தவர்களின் பெயர்கள் எழுதிய சின்ன நோட்டை எடுத்தார். பேனாவைத் தேடினார். பிளாகா தன் வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து ஒன்றை நீட்டினாள். அவர் எழுதத் தொடங்கினார். டோஸ்தானா அவர் தோளருகே குனிந்து, ஒவ்வோர் எழுத்தும் சரியாக விழுகிறதா என்று முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.