காற்று மாறிய சனிக்கிழமை

அப்பா ஆறு மணிக்கு எழுந்தார். பாலைக் காய்ச்சினார். ரொட்டியை வாட்டினார். மூன்று தட்டுகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தார். பிறகு ஆந்தைக்குத் தலை பின்னினார்.

இந்த ஆந்தை பறவை இல்லை. ஒன்பது வயதுப் பெண். கண்கள் பெரிதாக இருந்ததால் அம்மா வைத்த செல்லப் பெயர் அது.

"ஒரு பின்னல் மேல இருக்கு, ஒண்ணு கீழ இருக்கு," என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

"தலையைச் சாய்ச்சு நில்லு. சரியாயிடும்."

அம்மா இறந்து ஓராண்டு ஆகிவிட்டது. அப்பா எல்லா வேலையும் செய்தார். பேச்சு மட்டும் இப்படி ஒரு வரி, இரண்டு வரியாகச் சுருங்கிவிட்டது.

கொல்லைக் கதவைத் திறந்ததும் ஆந்தை நின்றுவிட்டாள். நேற்றுவரை சமையலறைப் பக்கம் ஆடிய கொடித்துணிகள் இன்று மதில் பக்கம் ஆடின.

இலை உதிரும் காலத்தில் காற்று இப்படி மாறினால், குளிருக்குத் தப்பிப் பருந்துகள் கூட்டம் கூட்டமாக நகரத்தைத் தாண்டிப் போகும். இரண்டொரு நாள்தான். அந்த நாட்களில் அம்மா கொல்லையில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, பைனாகுலரில் பார்த்து எண்ணிக்கை சொல்வாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார். ஆறு ஆண்டுக்கு ஆறு பக்கம். ஏழாவது பக்கம், போன ஆண்டுக்கானது, காலி. எட்டாவதையும் காலியாக விட ஆந்தைக்கு மனசு வரவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டாள். ஆபீஸ் வேலை இருக்கிறது என்றார். அவர் எதிரே கம்ப்யூட்டர் மூடியே கிடந்தது. அதை அவள் சொல்லிக்காட்டவில்லை.

பாய், பைனாகுலர், நோட்டு, பென்சிலோடு தனியாகக் கொல்லைக்குப் போய்ப் படுத்தாள். எதிர்மாடிக்கு மேலே எட்டுப் புள்ளிகள். புரண்டு நோட்டில் எழுதிவிட்டுத் திரும்பினால், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இன்னொரு முறையும் அப்படியே. பார்த்தால் எழுத முடியவில்லை, எழுதினால் பார்க்க முடியவில்லை.

பக்கத்தில் காலி நாற்காலி. அப்பாவுக்கு இங்கே வந்து உட்காருவதுதான் கஷ்டமோ என்று தோன்றியது. எழுந்துபோய் நோட்டையும் பென்சிலையும் சமையலறை ஜன்னலில் வைத்தாள்.

"அப்பா, நீங்க வெளிய வர வேண்டாம். நான் இங்கருந்து சொல்றேன். நீங்க ஜன்னல்ல நின்னு எழுதுங்க."

உள்ளே பென்சில் சீவும் சத்தம் கேட்டது. நெடுநேரம் சீவினார்.

"ம். சொல்லு."

வெயில் ஏறியதும் பருந்துகள் ராட்டினம்போல் சுற்றிச் சுற்றி மேலே எழும்பின. ஆந்தை மளமளவென்று பத்து, இருபது, ஐம்பது என்று அடுக்கினாள்.

"நில்லு, நில்லு. சுத்தறப்ப எண்ணினா ஒண்ணையே நாலு தடவை எண்ணுவ. உச்சிக்குப் போய் வட்டத்தை விட்டு விலகும் பாரு, அப்ப எண்ணு. உங்கம்மாவும் முதல் வருஷம் இப்படித்தான். ஆயிரம் பருந்து போச்சுன்னு பக்கத்து வீட்டு டாக்டர்கிட்ட அளந்துவிட்டா."

"நெஜமா எத்தனை?"

"நாப்பத்திரெண்டு."

ஆந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா அம்மாவைப் பற்றிப் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

இப்போது ஒழுங்காக எண்ணினாள். உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக விலகி, சிறகை அசைக்காமல் வழுக்கிக்கொண்டு போயின. அந்த நேரம் பார்த்து டாக்டர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் அலறத் தொடங்கியது. ஐம்பத்தேழா, அறுபத்தேழா என்று அப்பா ஜன்னலில் இருந்து கேட்டார். அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை.

சற்று நேரத்தில் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. ஆந்தை திரும்பவில்லை. திரும்பினால் எண்ணிக்கை போய்விடும்.

"அறுபத்தேழு," என்றாள் மெதுவாக.

மதியம் வரை நூற்றுப் பதினெட்டு. எட்டாவது பக்கம் நிரம்பியது. அப்பாவும் பாயில் வந்து படுத்தார்.

"அப்பா, அம்மா கடைசியா 'குழந்தையைப் பாத்துக்கோ'ன்னு சொன்னாங்களாமே. அத்தை சொன்னாங்க."

"அத்தை அப்ப அங்க இல்ல."

"அப்ப என்னதான் சொன்னாங்க?"

அப்பா கையிலிருந்த பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஆடுவதை அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு அவர் பக்கம் திரும்பிச் சொன்னாளாம்:

"காத்து மாறுது. பென்சிலைச் சீவி வை."