மூன்று படகுகளும் ஓர் ஊன்றுகோலும்

"நீலப் படகுக்குப் பொட்டு வெச்சாச்சு! இனிமே பேச்சே கிடையாது!" என்று கத்தினார் வேணுகோபால்.

"யாரைக் கேட்டு வெச்சீங்கண்ணே? சிவப்புப் படகுதான் வேகம். அதைத்தான் வாங்கணும்!" என்று அதைவிடப் பலமாகக் கத்தினார் தம்பி ராஜராஜன்.

ஏரிக்கரையில் மேய்ந்த ஆடுகள்கூட நிமிர்ந்து பார்த்தன.

வேணுகோபாலுக்குப் பெரம்பலூரில் பெயிண்ட் கடை. லீவுக்குத் தங்குவதற்கென்று குன்னம் பக்கம், ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு வீடு கட்டியிருந்தார். கட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? ஏரியில் விடப் பாய்மரப் படகு வேண்டுமாம்! அண்ணனும் தம்பியும் அதுவரை ஓட்டியது மொபெட் மட்டும்தான்.

படகு விற்கும் சுரேஷ்குமார், புதுச்சேரியிலிருந்து மூன்று படகுகளை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஒன்றுதான் இங்கே தங்கும். மற்ற இரண்டும் சாயந்திரமே திரும்பிவிடும்.

வேணுகோபாலுக்கு நீலப் படகுதான் பிடித்தது. ஏனென்றால் வீட்டு கேட்டும் நீலம். காலையிலேயே அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். மூன்றாவது படகு அகலமாக, பெயிண்ட் உரிந்துபோய் ஓரமாகக் கிடந்தது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேணுகோபாலின் மகள் லாவண்யா ஆறாம் வகுப்பு. அவள் எந்தப் படகையும் பார்க்கவில்லை. தனம் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனம் அத்தை, அப்பாவின் தங்கை. சின்ன வயதில் அடிபட்டதால் அவருக்கு வலது முழங்கால் மடங்காது. கோல் ஊன்றித்தான் நடப்பார். ஆனால் ஆறு மாதமாக வீடியோ பார்த்து, பாய் கட்டும் முடிச்சுகள் அத்தனையும் கற்றுவைத்திருந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

"அத்தை எப்படிப்பா படகுல ஏறுவாங்க?" என்று லாவண்யா கேட்டாள்.

"ரெண்டு பேரு தூக்கி உள்ள வெச்சிடலாம்" என்றார் வேணுகோபால்.

"நான் என்ன சோள மூட்டையாண்ணே?" என்று அத்தை சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. "நீங்க போயிட்டு வாங்க. நான் கரையிலேருந்து போட்டோ எடுக்கறேன்."

ஆறு மாதம் முடிச்சுப் போட்டவர் கரையிலா? லாவண்யாவுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்துக் கொல்லையிலிருந்து இரண்டு மக்காச்சோளத் தட்டைகளை எடுத்து வந்தாள்.

"அத்தை, என் வலது கால் மடங்காதபடி இதை வெச்சுக் கட்டுங்க. உங்க கோலையும் தாங்க."

அத்தைக்குப் புரிந்துவிட்டது. "இரு, நல்லா இறுக்கிக் கட்டறேன். பரீட்சைன்னா ஒழுங்கா இருக்கணும்!"

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு லாவண்யா ஏரியில் இறங்கினாள். சுரேஷ்குமார் கூடவே வந்தார்.

நீலப் படகின் அடியில் ஒரு பலகை நீட்டிக்கொண்டிருந்தது. அது சேற்றில் தட்டியதால் படகு கரைக்கு வர மறுத்தது. லாவண்யாதான் அதனிடம் போனாள். இடுப்பளவு தண்ணீரில் கோல் சேற்றுக்குள் போனது. படகில் வைக்கக் கால் மேலே எழவே இல்லை.

சிவப்புப் படகு சமர்த்தாகக் கரைவரை வந்தது. லாவண்யா ஒரு காலை வைத்தாள். அவ்வளவுதான், படகு புரண்டது. தொபுக்கடீர்!

ஆடு மேய்த்த முத்தாயி விழுந்து விழுந்து சிரித்தார். "ராஜராஜன் தம்பி, வேகம்னு சொன்னியே, சரிதான்! ஏர்றதுக்குள்ள எறக்கிவிட்டுடுச்சே!"

மூன்றாவது படகில் சுரேஷ்குமார் ஒரு கயிற்றை இழுத்தார். அடிப்பலகை மேலே ஏறிக்கொண்டது. படகு கரையை ஒட்டி வந்து நின்றது. லாவண்யா அதன் விளிம்பில் உட்கார்ந்து, மடங்காத காலைச் சுழற்றி உள்ளே வைத்தாள். படகு லேசாகத் தலையாட்டியது, அவ்வளவுதான்.

"சட்டி மாதிரி இருக்கேம்மா!" என்றார் வேணுகோபால்.

"சாயாத சட்டிப்பா!"

"பொட்டு வெச்ச படகைத் திருப்பி அனுப்பினா ஊரே சிரிக்குமே?"

"வூட்டுக்கு வந்தவங்களுக்குக் குங்குமம் குடுத்துத்தானே அனுப்புவோம்? நீலப் படகும் விருந்தாளிதான்பா."

வேணுகோபால் தானே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்து, அகலப் படகின் மூக்கில் பெரிய பொட்டாக வைத்தார்.

அத்தை விளிம்பில் உட்கார்ந்து, காலைச் சுழற்றி, யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். லாவண்யாவும் சுரேஷ்குமாரும் உடன் ஏறிக்கொண்டார்கள். அத்தை கயிற்றை இழுத்ததும் பாய் காற்றை வாங்கியது. படகு ஏரியின் நடுவில் அழகாகத் திரும்பியபோது கரையில் அண்ணனும் தம்பியும் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு சுரேஷ்குமார் ஞாயிறு தவறாமல் வந்தார். கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தானாம். இரண்டே இரண்டு கயிற்றை எத்தனை ஞாயிறு பார்ப்பார்கள்? தை மாதம் செட்டிகுளம் கோயிலில் அவருக்கும் அத்தைக்கும் கல்யாணம் நடந்தது.

அத்தை இப்போது புதுச்சேரியில் இருக்கிறார். கடலிலேயே படகு ஓட்டுகிறார். இங்கே ஏரி முழுக்க லாவண்யாவுக்குத்தான்.