வாசலைப் பிடித்திருப்பது யார்?

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை தையற்கடையின் பின்னறையில், கணினி உலகின் விடிவெள்ளியும் ஒயர்களின் ஒப்பற்ற தலைவருமான மாமா அவர்கள் ஒரு கணினியைச் சரிசெய்யப் போகிறார். பொதுமக்கள் தும்மக்கூடாது.

இந்த அறிவிப்பை வெளியிட்டவரும் மாமாதான். பொதுமக்கள் என்று அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவருடைய அக்கா, கடைக்குச் சொந்தக்காரர். இன்னொருத்தி அக்காவின் மகள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் ‘பிசின்’ என்று பெயர்.

விஷயம் இதுதான். கடையில் ஓர் எம்பிராய்டரி மெஷின் இருந்தது. கணினியில் பூவோ எண்ணோ வரைந்தால், அது ஒயர் வழியாக மெஷினுக்குப் போகும். ஊசி தடதடவென்று இறங்கித் துணியில் தைத்துவிடும். நேற்றுவரை தைத்தது. இன்று காலையிலிருந்து ஊசி அசையவே மாட்டேன் என்கிறது.

மேஜைமேல் பள்ளிக் கால்பந்து அணியின் சட்டைகள் அடுக்கியிருந்தன. சாயங்காலம் ஆட்டம். முதுகில் எண் இல்லாதவர்களை மைதானத்துக்குள் விடமாட்டார்கள். அந்த அணியின் கோல்கீப்பர் பிசின்.

“ஆகுமாடா?” என்று கேட்டார் பிசினின் அம்மா.

“என்னக்கா இப்படிக் கேட்டுட்ட? நான் கைவச்சு ஆகாத காரியம் உண்டா?”

“நீ கைவச்ச மிக்ஸி இன்னும் மூட்டையிலதான் இருக்கு.”

மாமாவுக்கு அது காதில் விழவில்லை. ‘தைக்கவும்’ என்ற பொத்தானை அழுத்தினார். ‘டொங்’ என்றது கணினி. திரையில் ஒரு சிறு கட்டம் எட்டிப் பார்த்தது. அதில் ஏதோ எழுதியிருந்தது. யாரும் படிப்பதற்குள் மாமா ‘சரி’ என்பதை அழுத்தி அதை விரட்டிவிட்டார்.

“மாமா, அதுல என்ன போட்டிருந்துச்சு?”

“சும்மா பயமுறுத்தும். அதையெல்லாம் படிச்சா நமக்குத்தான் மரியாதை போகும்.”

கணினியை நிறுத்தி மறுபடி போட்டார். டொங். சரி. ஒயரை உருவி மறுபடி சொருகினார். டொங். சரி.

“இப்ப புரிஞ்சுபோச்சு,” என்றார் மாமா. “போர்ட்டுன்னா என்ன தெரியுமா? இந்த ஒயர் போற வாசல். அந்தக் காலத்துல எந்தப் புரோகிராமும் யாரையும் கேக்காம நேரா வாசலுக்குப் போகும். இப்ப நடுவுல இயங்குதளம்னு ஒருத்தர் உக்காந்துக்கிட்டு, எல்லாத்துக்கும் என்னைக் கேளுங்கறாரு. நான் அவருக்குத் தெரியாம பின்பக்கமா போறேன், பாரு.”

சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். அதில் பின்பக்கமாகப் போகும் புரோகிராம் இருந்ததாம். பின்பக்கத்திலும் இயங்குதளமே நின்றது. டொங்.

மாமாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. “இந்த இயங்குதளத்தையே மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டாத்தான் சரிப்படும்!”

“உள்ள என் டிசைனெல்லாம் இருக்கேடா?”

“அதுவும் போகும்க்கா. பெரிய காரியத்துல சின்ன இழப்பு இருக்கத்தான் செய்யும்.”

கடை திறந்த நாளிலிருந்து அம்மா வரைந்த பூக்களும் பறவைகளும் அதற்குள்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. அம்மா கத்தரிக்கோலை எடுத்தார், திறந்தார், மூடினார், அதே இடத்தில் வைத்தார்.

பிசின் மாமாவுக்கும் கணினிக்கும் நடுவில் புகுந்தாள்.

“மாமா, அழிக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை அழுத்திப் பாக்கட்டா?”

“பாத்துக்கோ. அதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்.”

மாமா போனதும் பிசின் பொத்தானை அழுத்தினாள். டொங். கட்டம் வந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தாள்.

“இந்த போர்ட்டை வேறொரு புரோகிராம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.”

மறுபடியும் படித்தாள். கெட்டுப்போச்சு என்று அதில் எங்கும் இல்லை. உள்ளே ஆள் இருக்கிறது என்றுதான் இருந்தது.

இருப்பது ஒரே ஊசி. ஒரு புரோகிராம் ‘ஏழு போடு’ என்றும் இன்னொன்று ‘நில்’ என்றும் ஒரே நேரத்தில் கத்தினால் ஊசி என்ன செய்யும்? சட்டை கந்தலாகிவிடும். அதனால்தான் இயங்குதளம் வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே விடுகிறது.

பிசின் திரையை மரியாதையோடு பார்த்தாள். காலையிலிருந்து மாமா முட்டி மோதியும் அது கோபப்படவில்லை, பயப்படவில்லை, வழியும் விடவில்லை. ஒரே பதிலைப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மாமாவையே சமாளிப்பதென்றால் சாதாரண ஆளா!

சரி, உள்ளே இருப்பது யார்? திரையின் ஓரத்தில் மின்னல் போட்ட ஒரு சின்னப் படம் மினுக்கியது. கிளிக் செய்தாள். ‘சூப்பர் ஊசி வேகமானி’ என்று வந்தது. அதன் கீழே, ‘மெஷினுடன் இணைந்துள்ளேன்’ என்று பெருமையாகப் போட்டிருந்தது.

“அம்மா, இது எப்ப வந்துச்சு?”

“நேத்து கடை மூடும்போது உங்க மாமா போட்டுட்டுப் போனான். கணினியப் போட்டதும் தானாவே வந்துடுமாம். மெஷின் எவ்வளவு வேகமா ஓடுதுன்னு காட்டுமாம்.”

“காட்டுச்சா?”

“மெஷின் ஓடினாத்தானே காட்டும்?”

சொல்லி முடித்ததும் அம்மாவுக்கே புரிந்துவிட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்தார். மாமா உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

பிசின் முந்திக்கொண்டாள்.

“மாமா, உங்க வேகமானி காலையிலேருந்து போர்ட்டைப் பிடிச்சுக்கிட்டே நிக்குது. பாவம், அதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுக்கலாமா?”

மாமா திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கத்தரிக்கோலைப் பார்த்தார்.

“அதத்தான்... நானும் சொல்ல வந்தேன்.”

பிசின் வேகமானியை மூடினாள். ‘தைக்கவும்’ பொத்தானை அழுத்தினாள். டொங் வரவில்லை. தடதடதட என்று ஊசி இறங்கியது. சட்டையின் முதுகில் ஒன்று என்ற எண் மெல்ல முளைத்தது.

“இதுக்குப் போயா அழிக்கணும்னே?” என்றார் அம்மா.

“அதனாலதானேக்கா டீ குடிக்கப் போனேன்! நிதானம்னு ஒண்ணு இருக்குல்ல?”

நாலாவது சட்டையில் மறுபடி டொங் என்றது. மாமாவின் விரல் தானாகப் பாய்ந்தது. பிசின் அதைப் பாதி வழியில் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்தால் விடமாட்டாள் என்பது மாமாவுக்கும் தெரியும். வேறு வழியில்லாமல் அவர் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கட்டத்தைப் படித்தார்.

“நூல்... தீர்ந்துவிட்டது.”

உடனே நிமிர்ந்தார். “அக்கா! நூல் தீர்ந்துபோச்சு! கண்டுபிடிச்சிட்டேன்!”

சாயங்காலம் அணியில் எல்லோரையும் மைதானத்துக்குள் விட்டார்கள். எண்கள் அத்தனை நேர்த்தியாக இருந்ததால், எதிரணியினர்கூட வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆட்டத்தில் எட்டு கோல் வாங்கித் தோற்றார்கள்.