ஒரு வாய் தண்ணீர்

முதல் தட்டின் மூன்றாவது வரிசையில் ஒரு கிண்ணம் காலியாக இருந்தது.

கோயில்பிள்ளை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் கிண்ணம். தட்டுக்கு நாற்பது குழி, குழிக்கு ஒரு கிண்ணம், மொத்தம் மூன்று தட்டு. ஆலயத்தைப் பெருக்குவதும் மணி அடிப்பதும் சனிக்கிழமை பிற்பகலில் மறுநாள் திருவிருந்துக்குத் திராட்சரசம் ஊற்றி வைப்பதும் இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவார். ஏதோ நினைப்பில் விட்டுப்போயிருக்கும் என்று மறுபடி குடுவையைச் சாய்த்தார். பீடத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அறையில் பழைய பாட்டுப் புத்தகங்களின் புழுங்கிய வாடையும் மெழுகின் வாடையும் திராட்சரசத்தின் இனிப்பும் கலந்து கிடந்தன. ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்து, கிண்ணங்களுக்குள் சிவப்பாக நின்றது.

போதகர் கதவோரம் எட்டிப் பார்த்தார்.

"நாளைக்குக் கூட்டம் இருக்கும். மூணு தட்டு போதுமா?"

"போதும் ஐயா."

"நீங்க ஒரு வாரம் வீட்ல இருந்திருக்கலாம். உங்க அக்கா போய்ச் சேர்ந்து பத்து நாள்தானே ஆச்சு." போதகர் குரலைத் தணித்துக்கொண்டார். "பெத்த பிள்ளைகூட அப்படிப் பாத்துக்காதுன்னு சபையில எல்லாரும் சொல்றாங்க."

"என் கடமைதானே ஐயா."

வாய் கூசாமல் சொன்னார். போதகரின் வண்டிச் சத்தம் தெருமுனை வரை போய் அடங்கியது.

கோயில்பிள்ளையைத் தூக்கி வளர்த்த அக்கா அவள். பக்கவாதம் வந்து மூன்று வருஷம் கட்டிலோடு கிடந்தாள். தண்ணீர் குடித்தால் படுக்கை நனையும். நனைந்தால் அவர்தான் அவளைப் புரட்ட வேண்டும், துணியை உருவ வேண்டும், அலச வேண்டும். இடுப்பு பிடித்துக்கொண்ட ஒருநாள், முழு டம்ளருக்குப் பதில் அரை டம்ளர் கொடுத்தார். மறுநாள் காலையில் படுக்கை காய்ந்திருந்தது. அந்தச் சுகம் அவருக்குப் பிடித்துப்போனது. அரை டம்ளர் கால் டம்ளராயிற்று. பிறகு நனைத்த பஞ்சாயிற்று.

தெரியாமல் செய்தார் என்று சொல்ல நாக்கு வரவில்லை. நன்றாகத் தெரியும். ஞாயிறுதோறும் பாவ அறிக்கை முடிந்ததும் சபை ஒரு நிமிஷம் மௌனமாக முழங்காலில் நிற்கும். அந்த ஒரு நிமிஷத்தில் ஆண்டவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவார். கண்கூடக் கலங்கும். பிறகு லேசான மனசோடு எழுந்து, கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அவள் கைக்கு எட்டாத இடத்தில் செம்பை எடுத்து வைப்பார். கிருபை என்பது அவருக்கு வீட்டுக் குழாய் மாதிரி. எப்போது திருகினாலும் வரும்.

"தம்பி, ஒரு வாய் தண்ணி."

"இப்பத்தானே அக்கா குடிச்சே."

அக்கா அவரையே பார்ப்பாள். அப்புறம், "ஆமாப்பா, மறந்துட்டேன்" என்பாள். அவர் ஒன்றாம் வகுப்பில் போட்ட சட்டையின் நிறத்தைக்கூடச் சொல்கிறவள் அவள். அவளுக்கு மறதி கிடையாது. அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்லுவாள். அவருக்கு அதுவும் தெரியும்.

இரண்டாவது தட்டை முடித்துத் திரும்பினார். முதல் தட்டில் மூன்றாவது வரிசை முழுக்கக் காலி.

மேஜை நனையவில்லை. தரை நனையவில்லை. ஒரு கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் ஒரு சிவப்புப் பொட்டுக்கூட இல்லாமல், துடைத்து வைத்ததுபோல் காய்ந்திருந்தது. விளிம்பில் மட்டும் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையாக, மெல்லியதாக. வெடித்த உதட்டிலிருந்து உரியும் தோல்.

அந்த உதட்டைக் கடைசி வாரம் முழுக்க அவர் பார்த்திருந்தார். "வயசாச்சு இல்லையா" என்று மருத்துவர் சொன்னபோது தலையாட்டியவரும் அவர்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எச்சில் இல்லாத தொண்டை விழுங்குகிற சத்தம். அறைக்கு உள்ளேதான். ரொம்பப் பக்கத்தில்.

அவசர அவசரமாக ஊற்றினார். மேஜையெல்லாம் சிந்தியது. சிந்திய ரசமும் மேஜையில் தங்கவில்லை. முதல் தட்டு முழுக்கக் காலியாயிற்று. இரண்டாவது தட்டு போயிற்று. குடுவையைச் சாய்த்தார். காற்று மட்டும் வந்தது.

"குடி அக்கா," என்றார். குரல் அவருடையதாக இல்லை. "எவ்வளவு வேணும்னாலும் குடி."

மறுபடி விழுங்கும் சத்தம். போதவில்லை என்கிற சத்தம்.

ஆலயத்துக்குள் ஓடினார். பீடத்தின் ஜாடிகளில் காலையில் அவரே வைத்த பூக்கள் காய்ந்து நொறுங்கிக் கிடந்தன. ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் நின்ற வளையம் மட்டும் இருந்தது. பெரிய கதவு நாற்பதடி தூரம். அதுவரை அவர் போகவில்லை. முழங்காலில் விழுந்தார். வழக்கமான ஜெபம்தான். தினமும் பழகிய வார்த்தைகள்தான். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை பெயரவில்லை.

செம்பைப் பார்த்தபடி கிடந்த அவள் கண்கள் நினைவுக்கு வந்தன. என் பாவம், என் மன்னிப்பு, என் லேசான மனசு என்று இத்தனை ஞாயிறும் என்னைப் பற்றியே பேசியிருக்கிறேன், அவள் தாகத்தை ஒருநாளும் நினைக்கவில்லை என்று அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. பிறகு தாங்க முடியாமல் வலித்தது. முதல்முறையாக அவளுக்காக அழுதார்.

கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

தாடைக்கு வரவில்லை.

இடது கண்ணுக்குக் கீழே ஏதோ பட்டது. சொரசொரப்பாக. காய்ந்த துணி மாதிரி. மெதுவாக மேலே ஏறியது. பிறகு வலது கன்னம். அவசரமே இல்லை. காத்திருந்து, அடுத்த சொட்டு வந்ததும் எடுத்துக்கொண்டது.

முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவே நுழைந்தது.

அழுகை நின்றுவிட்டது. அந்தக் காய்ந்த நாக்கு நிற்கவில்லை. இமையைத் தூக்கிக்கொண்டு, அதற்கு அடியில் தேட ஆரம்பித்தது.